காலைப் பார்த்துப் பேசும் முஸல்லம்

“எங்ககிட்ட ஏன் ஒரு வார்த்தை சொல்லலே?”

துக்கம் கேட்க வந்த இடத்தில் ரெட்டோ கேட்ட கேள்வி இது. ரெட்டோ சுவிட்சர்லாந்துக்காரர். பெரும் பணம் கட்டி எங்கள் மணலைப் பார்க்க வந்தவர். ஊருக்குத் திரும்பும் விமானத்தைத் தள்ளிப்போட்டுவிட்டு, சம்மணம் போடத் தெரியாமல் காலை ஒருபக்கமாக மடக்கிப் பாயில் உட்கார்ந்து, முஸல்லத்தின் முகத்தைப் பார்த்து அதைக் கேட்டார். “சொல்லியிருந்தா நாங்க ஆறு பேரும் வண்டியை விட்டு இறங்கித் தேடியிருப்போமே” என்றார். சொல்லிவிட்டு அழுதார்.

முஸல்லம் ரெட்டோவின் கோப்பையில் காப்பி ஊற்றி நீட்டினார். அங்கே உட்கார்ந்திருந்த எங்களில் ஒருவருக்கும் பதில் வரவில்லை. எனக்கும் வரவில்லை.

இப்போது வரும் என்று நினைக்கிறேன். ஆனால் அதற்கு முஸல்லத்தை முதலிலிருந்து சொல்ல வேண்டும்.

ஓமானில், வஹீபா மணலின் வடக்கு ஓரத்தில் பிறந்தவர் முஸல்லம். அவருக்கும் அண்ணன் ஹுமைதுக்கும் பன்னிரண்டு வயது வித்தியாசம். முஸல்லத்துக்கு ஆறு வயதிருக்கும்போது தகப்பன் போய்ச் சேர்ந்தார். அதற்குப் பிறகு சோறு போட்டது, அடித்தது, பள்ளிக்கூடத்தில் கொண்டுபோய் விட்டது, பள்ளிக்கூடம் பிடிக்கவில்லை என்று ஓடிவந்தவரைத் திரும்பவும் கொண்டுபோய் விட்டது எல்லாம் ஹுமைதுதான். ஓடிவரும்போதெல்லாம் தம்பி வேறு வேறு வழியில் வருவார். அண்ணன் காலடித் தடத்தைப் பிடித்துக்கொண்டே வந்து காதைத் திருகுவார். அப்படித்தான் முஸல்லத்துக்குத் தடம் பார்க்க வந்தது. யாரும் உட்காரவைத்துச் சொல்லித்தரவில்லை. பிடிபடாமல் இருக்க வேண்டும் என்ற ஆசையில், தன் தடம் தன்னை எப்படிக் காட்டிக்கொடுக்கிறது என்று அவரே பார்த்துப் பார்த்துத் தெரிந்துகொண்டார்.

எங்கள் ஆட்களுக்கு முகத்தைவிடக் கால்தான் நன்றாக ஞாபகம் இருக்கும். அதிலும் முஸல்லம் தனி. அவருடைய மனைவி ஸுவைனா இன்றும் சொல்லிச் சிரிப்பார்: “என் மூஞ்சியை ஒருநாளும் பாக்காம, கிணத்தடியில என் காலடியைப் பாத்துட்டுப் போய்ப் பொண்ணு கேட்ட மனுஷன்.”

“அந்தத் தடமே சொல்லிச்சே, இவ வேகமா நடக்கிறவ, நடுநடுவுல நின்னு திரும்பிப் பாக்குறவன்னு” என்பார் முஸல்லம்.

“நின்னது ஆடு பின்னாடி வருதான்னு பாக்க. உன்னைப் பாக்க இல்லே.”

முஸல்லத்துக்கு முப்பத்தெட்டு வயதாகும்போது ஹுமைதுக்கு அந்த விபத்து நடந்தது. பந்தயத்துக்குப் பழக்கிய ஒரு பெண் ஒட்டகம் வைத்திருந்தார் ஹுமைத். பெயர் ஸம்ஹா. பிள்ளை இல்லாத மனிதர். அதைப் பிள்ளை மாதிரி வளர்த்தார். ஒருநாள் அதைப் பிக்கப் வண்டியின் பின்னால் ஏற்றிக்கொண்டு மேட்டில் ஏறும்போது வண்டி உருண்டுவிட்டது. ஸம்ஹாவின் முன்னங்கால்கள் இரண்டும் ஒடிந்துபோயின. அங்கேயே அதை அறுக்க வேண்டியதாயிற்று. ஹுமைதுக்குத் தலையில் அடி. நாற்பது நாள் மஸ்கட் ஆஸ்பத்திரியில் கிடந்து எழுந்து வந்தபோது இடது கால் இழுத்தது. அதைவிட, ஸம்ஹா செத்தது அவருக்கு நினைவில் இல்லை.

“ஸம்ஹா எங்கே?” என்று கேட்டார். ஒருமுறை முஸல்லம் உண்மையைச் சொன்னார். ஹுமைத் மண்ணை வாரித் தலையில் போட்டுக்கொண்டு அழுதார். மறுநாள் காலையில் மறுபடி, “ஸம்ஹா எங்கே?” என்றார். திரும்பவும் சொன்னால் திரும்பவும் அதே அழுகை. அவருக்கு அது ஒவ்வொரு முறையும் முதல்முறை. மூன்றாம் நாள் ஸுவைனா சொல்லிவிட்டார்: “தினம் தினம் அந்த ஒட்டகத்தை அறுக்காதே. மேயப் போயிருக்குன்னு சொல்லு.”

அன்றிலிருந்து ஸம்ஹா மேயப் போய்விட்டது. மேயப் போன ஒட்டகம் திரும்பாவிட்டால் சொந்தக்காரன் சும்மா இருப்பானா? வாரத்துக்கு ஒருநாள் ஹுமைத் தேடிக்கொண்டு கிளம்பிவிடுவார். ஒருநாள் கிழக்கே, ஒருநாள் வடக்கே. வீட்டில் யாரும் பதறுவதில்லை. பதறத் தேவையிருக்கவில்லை. செருப்பே போடாத பெரிய பாதம், வலது காலடி தெளிவாக, இடது காலடி மணலில் கோடு இழுத்ததுபோல. குருடனுக்குக்கூடத் தெரியும் தடம். முஸல்லம் வண்டியை எடுத்துக்கொண்டு போவார். அரைமணி, மிஞ்சினால் ஒரு மணி நேரம். ஏதாவது ஒரு மரத்தடியில் அண்ணன் உட்கார்ந்திருப்பார்.

“சேதி என்ன, அண்ணே?”

“சேதி ஒண்ணுமில்லை, நல்லதுதான். நீ இந்தப் பக்கம் ஸம்ஹாவைப் பாத்தியா?”

“வீட்டுக்கு வந்துடும். வா, சோறு ஆறிப்போகுது.”

இந்தச் ‘சேதி என்ன’ எங்கள் ஆட்களின் வழக்கம். சலாம் சொன்ன கையோடு கேட்க வேண்டிய கேள்வி அது. ‘சேதி ஒண்ணுமில்லை, நல்லதுதான்’ என்பதுதான் பதில். கூடாரம் எரிந்துபோய் ஓடிவந்தவனும் முதலில் அதைத்தான் சொல்வான். பிறகு பேரீச்சம்பழம் வரும். காப்பி வரும். மூன்று கோப்பை குடித்து முடிந்த பிறகு, வந்தவன் போதும் என்று கோப்பையை ஆட்டிக் கொடுத்துவிட்டுத் தொண்டையைச் செருமுவான். உண்மையான சேதி அப்போதுதான் வெளியே வரும்.

ஹுமைதுக்கு அடிபட்ட இரண்டாம் வருஷம் எங்கள் மேட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு சொகுசு முகாம் வந்தது. கூடாரம் என்று பெயர்தானே தவிர, உள்ளே தேக்குக் கட்டில், குளிக்கப் பித்தளைத் தொட்டி, நடு மணலில் பனிக்கட்டி போட்ட பழரசம். ஒரு ராத்திரிக்கு அவர்கள் கொடுக்கும் பணத்தில் எங்கள் ஆள் ஒருவன் கல்யாணம் முடித்துவிடலாம். முஸல்லத்தை ஓட்டுநராக எடுத்துக்கொண்டார்கள். மேடு மேடாக வண்டியை ஏற்றி இறக்க அவரைப்போல் ஆள் கிடையாது.

அவருக்கு இன்னொரு வேலையும் இருந்தது. முகாமின் விளம்பரப் படத்தில், விடியற்காலை வெளிச்சத்தில், ஒரு காலடிகூட இல்லாத மணல்மேடு ஒன்று இருக்கும். வருகிற விருந்தாளிகளுக்கு அந்த மேடு வேண்டும். முந்தின நாள் அதே விருந்தாளிகள் ஏறிச் சறுக்கி விளையாடி மிதித்துப்போட்ட மேடுதான். ஆகவே தினம் சூரியன் வருமுன், ஒரு பழைய கம்பளத்தின்மேல் இரண்டு இரும்புக் குழாயைக் கட்டி வண்டியின் பின்னால் இழுத்துக்கொண்டு, மேட்டையும் அதன் அடிவாரத்தையும் முஸல்லம் துடைப்பார். வண்டி ஏறாத சரிவை ஈச்சமட்டையால் கையாலேயே கூட்டுவார். விருந்தாளிகள் எழுந்து வரும்போது மணல் அன்றுதான் படைக்கப்பட்டதுபோல் இருக்கும்.

முஸல்லத்தின் சித்தப்பா மகன் பகீத், ஆடு மேய்க்கிறவர். அவருக்கு இதைச் சொல்லிக் கேலி பண்ணுவதில் அலுப்பே வராது.

“மணல்லே இவனை மாதிரி தடம் பாக்க ஆள் இல்லே. அந்தத் தடத்தை அழிக்க இவனுக்கே சம்பளம்! நாளைக்கு நாவிதனைக் கூப்பிட்டு முடி ஒட்டவைக்கச் சொல்வாங்க.”

“உன் ஆட்டுப் புழுக்கையையும் நான்தான்டா கூட்டுறேன். அதுக்குக் கூலியை முதல்ல கொடு” என்பார் முஸல்லம்.

போன வருஷம், ஏப்ரல் கடைசி. அந்தப் பருவத்தின் கடைசிக் கூட்டம் வந்தது. ஆறு பேர். அவர்களில் ஒருவர்தான் ரெட்டோ. அறுபது வயது, நெட்டையான மனிதர், பெரிய பாதம். தினம் காலையில் எல்லோருக்கும் முன்னால் எழுந்து தனியாக நடக்கிற பழக்கம் உள்ளவர். அதற்காகவே ஒரேமாதிரி இரண்டு ஜோடி பூட்ஸ் கொண்டுவந்திருந்தார்.

“காலையில ஒண்ணு, சாயங்காலம் ஒண்ணு” என்று வீட்டில் வந்து சொன்னார் முஸல்லம்.

“அவங்க ஊர்ல காலும் நாலு இருக்கும்போல” என்றார் ஸுவைனா.

முதல் நாளே விருந்தாளிகளை முஸல்லத்தின் வீட்டுக்குக் காப்பி குடிக்கக் கூட்டிவந்தார்கள். அதுவும் பயணத்தில் ஒரு பகுதி. அப்போது உச்சிவெயிலில் வெறுங்காலோடு ஹுமைத் மணலைக் கடந்து வந்தார். ரெட்டோ அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். மறுநாள் தன்னுடைய இரண்டாவது ஜோடியைக் கையில் எடுத்துக்கொண்டு வந்து, ஹுமைதின் முன்னால் மண்டியிட்டு வைத்தார். நல்ல மனிதர். இதை நான் திரும்பவும் சொல்வேன், நல்ல மனிதர்.

ஹுமைத் அதைப் போடவில்லை. கயிற்றைச் சேர்த்துக் கட்டி மரக்கிளையில் தொங்கவிட்டு, போகும்போதும் வரும்போதும் தடவிக் கொடுத்துக்கொண்டிருந்தார்.

“அது செருப்புண்ணே, கன்னுக்குட்டி இல்லே” என்று ஸுவைனா சிரித்தார்.

மூன்றாம் நாள் சாயங்காலம் ரெட்டோ விடைபெற வந்தார். மறுநாள் மத்தியானத்தோடு பயணம் முடிகிறது. பூட்ஸ் மரத்தில் தொங்குவதைப் பார்த்து அவர் முகம் வாடியது. முஸல்லம் அதைப் பார்த்துவிட்டார். விருந்தாளி மனமுவந்து கொடுத்ததை அவர் கண்ணெதிரே தொடாமல் வைத்திருப்பது எங்களில் பெரிய அவமரியாதை.

“அண்ணே, ஒரே ஒரு தடவை. அவர் போற வரைக்கும்.”

“காலுக்கு மூச்சுமுட்டும்டா.”

“எனக்காக.”

ஹுமைத் கால் நீட்டினார். முஸல்லம்தான் போட்டுவிட்டார். கணுக்காலுக்கு மேலே ஏறும் உயரமான பூட்ஸ். கயிற்றை எப்படி இரட்டை முடிச்சுப் போட வேண்டும் என்று ரெட்டோ காட்டிக்கொடுத்தார். முஸல்லம் இறுக்கி முடிந்தார். ரெட்டோ ஹுமைதின் தோளில் கைபோட்டுப் படம் எடுத்துக்கொண்டார். இருவரும் சிரிக்கிற அந்தப் படம் இப்போதும் இருக்கிறது.

முஸல்லம் விருந்தாளியைக் கூட்டிக்கொண்டு முகாமுக்குப் போய்விட்டார். வீடு திரும்பும்போது அண்ணன் தூங்கிவிட்டிருந்தார். பூட்ஸை உதறியிருப்பார் என்று நினைத்துக்கொண்டார். உதறவில்லை. அந்த முடிச்சை அவிழ்க்க ஹுமைதுக்குத் தெரியவில்லை. ஸுவைனா பார்த்தார். தூங்குகிறவரை எழுப்ப மனமில்லாமல், காலையில் கழற்றிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டார்.

விடியுமுன் முஸல்லம் மேட்டைத் துடைக்கப் போனார். பாதி துடைத்தாயிற்று. மேட்டின் முதுகில், வண்டி விளக்கின் வெளிச்சத்தில், புதிதாக ஒரு தடம் தெற்குப் பார்த்துப் போவது தெரிந்தது. பூட்ஸ் தடம். அடியில் மூன்று பட்டை, நடுவில் ஒரு வட்டம். மூன்று நாளாக அவர் பார்த்துப் பழகிய தடம். ரெட்டோ இன்றைக்கு ரொம்பச் சீக்கிரமே கிளம்பிவிட்டார் என்று நினைத்தார்.

ஆனாலும் வண்டியை நிறுத்தினார். ஏன் நிறுத்தினார் என்று அப்போது அவருக்கே தெரியவில்லை. இறங்கிக் குனிந்து பார்த்தார். இடது காலின் நுனியில் சின்னதாக ஒரு கீறல். நகத்தால் கிள்ளியதுபோல, அவ்வளவுதான். இறுக்கிக் கட்டிய பூட்ஸ் காலை நிமிர்த்திப் பிடித்திருந்ததால் அந்த இழுப்பு வெளியே தெரியவில்லை.

வாக்கிடாக்கி கரகரத்தது. முகாம் மேலாளர் இமாத், லெபனான்காரர். முஸல்லத்தை அவர் ‘அபூ ஸாலிம்’, ஸாலிமின் அப்பா, என்றுதான் கூப்பிடுவார்.

“அபூ ஸாலிம், எங்கே இருக்கே? விருந்தாளிங்க எழுந்தாச்சு. வானம் வெளுக்குது. படம் எடுக்கக் கேமராவைத் தூக்கிட்டு நிக்கிறாங்க.”

“ஒரு தடம் கெடக்கு.”

“தடம் கெடந்தாத் துடை! அதுக்குத்தானே உன்னை அனுப்பியிருக்கு!”

நேற்று ரெட்டோ ஆறு மணி நேரம் நடந்தாரே, கால் ஓய்ந்து இழுக்கிறது என்று முஸல்லம் தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். ஏறி உட்கார்ந்து கம்பளத்தை இழுத்தார். மேட்டின் முதுகு, தெற்குச் சரிவு, அடிவாரம் எல்லாம் சுத்தமாயிற்று.

சூரியன் வந்தது. அவ்வளவு சுத்தமான மணலைப் பார்த்து விருந்தாளிகள் கைதட்டினார்கள். அவர்களில் ரெட்டோ இல்லை. எங்கேயோ நடந்துகொண்டிருக்கிறார் என்று முஸல்லம் நினைத்தார்.

காலைச் சாப்பாட்டு நேரத்தில் கூடாரத் துணியை விலக்கிக்கொண்டு, கொட்டாவி விட்டபடி ரெட்டோ வெளியே வந்தார். காலில் முகாமின் துணிச் செருப்பு. அவருடைய பூட்ஸ் நேற்றைய தூசியோடு வாசலில் கிடந்தது.

முஸல்லம் அவருக்குக் காப்பி ஊற்றிக்கொண்டே, தெரிந்த ஆங்கிலத்தில் கேட்டார்: “இன்னிக்கு சீக்கிரமே நடந்துட்டு வந்துட்டீங்களே?”

“இல்லையே. கடைசி நாளாச்சேன்னு நல்லாத் தூங்கிட்டேன். இப்பத்தான் எழுந்தேன்.”

எங்களில் கோப்பையின் அடியில் கொஞ்சம்தான் ஊற்றுவோம். நிறைய ஊற்றினால் ‘குடித்துவிட்டுக் கிளம்பு’ என்று அர்த்தம். முஸல்லத்தின் கை ஊற்றிக்கொண்டே இருந்தது. கோப்பை நிறைந்து, வழிந்து, ரெட்டோவின் விரலைச் சுட்டது. ரெட்டோ சிரித்தார். தூரத்தில் நின்ற இமாத் சிரிக்கவில்லை. பக்கத்தில் வந்தார்.

“என்ன ஆச்சு?”

“அண்ணன் வெளியே போயிருக்காரு. அந்தத் தடம் அவரோடது.”

“எத்தனை தடவை போயிருக்காரு! நீ போனா ஒரு மணி நேரத்துல கூட்டிட்டு வந்துடுவே. முதல்ல இவங்களைக் கிழக்கே நாலாவது பள்ளத்துல மத்தியானச் சாப்பாட்டு இடத்துல இறக்கிவிடு. உன்னை விட்டா அந்த மேட்டைத் தாண்ட இங்கே யாரு இருக்கா?”

இமாத் கெட்டவர் இல்லை. அவர் சொன்னதில் பொய்யும் இல்லை. ஏழு வருஷமாக எல்லோரும் நம்பியதைத்தான் அவரும் நம்பினார். முஸல்லமும் நம்பினார். மேட்டு உச்சியில் போன் எடுக்கும் இடத்தில் நின்று பகீதைக் கூப்பிட்டார். பகீத் ஆடு விற்க இப்ரா சந்தைக்குப் போயிருந்தார்.

“வந்துடறேன், மத்தியானத்துக்குள்ளே. எந்தப் பக்கம்?”

“தெற்கே.”

பிறகு முஸல்லம் விருந்தாளிகளை ஏற்றிக்கொண்டு கிழக்கே ஓட்டினார். போக முக்கால் மணி, வர முக்கால் மணி. ரெட்டோ பக்கத்து இருக்கையில் இருந்தார். எப்போதும் பாட்டு முணுமுணுத்துக்கொண்டு ஓட்டுகிற மனிதர் அன்று வாயைத் திறக்காததை அவர் கவனித்தார்.

“ஏதாவது பிரச்சினையா, முஸல்லம்?”

“ஒண்ணுமில்லை” என்றார் முஸல்லம். “எல்லாம் நல்லதுதான்.”

விருந்தாளிகள் கேட்டுக்கொண்டார்கள் என்று வழியில் இரண்டு இடத்தில் வண்டியை மேட்டிலிருந்து சறுக்கவிட்டும் காட்டினார். அவர்கள் கத்திச் சிரித்தார்கள்.

பத்து மணிக்கெல்லாம் தெற்குக் காற்று எழுந்துவிட்டது. ஏப்ரல் கடைசியில் அது அப்படித்தான் வரும். முஸல்லம் விருந்தாளிகளை இறக்கிவிட்டுத் திரும்பி வந்து, துடைத்த இடத்தின் ஓரத்தைச் சுற்றிச் சுற்றி வண்டியிலும் காலாலும் தேடினார். துடைத்த இடத்தை விட்டுத் தடம் எங்கே வெளியேறியது என்று தெரிந்தால் போதும். ஆனால் மணல் முழங்கால் உயரத்துக்குப் புகைபோல ஓடிக்கொண்டிருந்தது. அவருடைய தடமே அவருக்குப் பின்னால் நிற்கவில்லை.

பகீத் வந்தார். அக்கம்பக்கத்து ஆட்கள் வந்தார்கள். போலீஸ் வந்தது. சாயங்காலத்துக்குள் நாற்பது வண்டி சேர்ந்துவிட்டது. எல்லோரும் முஸல்லத்தைப் பார்த்துக் கேட்டது ஒன்றுதான்: “எந்தப் பக்கம்?”

“தெற்கே. என் கண்ணால பாத்தேன்.”

தடம் விஷயத்தில் முஸல்லம் சொன்னால் அதற்கு மறுபேச்சு இல்லை. நாற்பது வண்டியும் தெற்கே போயின. அன்றைக்கும் மறுநாளும் தெற்கே போயின. அந்த இரண்டு நாளும் வெயில் நாற்பத்திரண்டு, நாற்பத்துமூன்று என்று அடித்தது.

மூன்றாம் நாள் பிற்பகல் அஸர் தொழுகைக்குப் பிறகு, வண்டிக்குப் பெட்ரோல் ஊற்ற முஸல்லம் வீட்டுக்கு வந்திருந்தார். பகீதின் வண்டி வந்தது. எப்போதும் கூடாரக் கயிற்றில் இடிக்கிற மாதிரி கொண்டுவந்து நிறுத்தி, ஸுவைனாவிடம் திட்டு வாங்குகிற பகீத், அன்று தூரத்தில் ஆட்டுப்பட்டிக்குப் பக்கத்திலேயே நிறுத்திவிட்டு இறங்கி நடந்து வந்தார். மெதுவாக நடந்து வந்தார்.

“அஸ்ஸலாமு அலைக்கும்.”

“வஅலைக்கும் ஸலாம்.”

“சேதி என்ன?” என்றார் முஸல்லம்.

“சேதி ஒண்ணுமில்லை” என்றார் பகீத். “நல்லதுதான்.”

ஸுவைனா பேரீச்சம்பழத் தட்டைக் கொண்டுவந்து வைத்தார். பகீத் ஒரு பழத்தை எடுத்து வாயில் போட்டுக்கொண்டு மென்றுகொண்டே இருந்தார்.

முஸல்லம் முதல் கோப்பையை ஊற்றினார். பகீத் குடித்தார். இரண்டாவதை ஊற்றினார். ஆடு எத்தனை விற்றது என்று கேட்டார். நான்கு என்றார் பகீத். இந்தத் தடவை விலை எப்படி என்று கேட்டார். பரவாயில்லை என்றார் பகீத். சந்தையில் வேறு யாரையெல்லாம் பார்த்தாய் என்று கேட்டார். அவசரமே படவில்லை. காப்பிப் பாத்திரத்தைக் கரிமேல் திரும்பவும் வைத்துச் சூடாக்கினார். மூன்றாவது கோப்பை வராதவரைக்கும் அவருடைய அண்ணன் உயிரோடு இருந்தார்.

ஸுவைனாவால்தான் பொறுக்க முடியவில்லை. “ஊத்து” என்றார்.

முஸல்லம் ஊற்றினார். பகீத் குடித்து, கோப்பையை ஆட்டிக் கொடுத்து, தொண்டையைச் செருமினார்.

“இங்கேருந்து மூணாவது பள்ளத்துல இருந்தாரு. ஒரு ஆடு படுக்கிற அளவு நிழல், ஒரு செடிக்கு அடியில. முகத்துல நோவு ஒண்ணும் தெரியலே. தூங்குற மாதிரிதான்.”

“தெற்கேயா?”

பகீத் தலையைக் குனிந்துகொண்டார். “மேற்கே, முஸல்லம்.”

முஸல்லம் குனிந்து மணலைப் பார்த்தார். அவருக்குப் புரிந்துவிட்டது. மேட்டின் முதுகில் ஹுமைத் தெற்கே பார்த்துத்தான் போயிருக்கிறார். அடிவாரத்தில் இறங்கியதும் மேற்கே திரும்பியிருக்கிறார். திரும்பிய இடம் கம்பளத்துக்கு அடியில் போய்விட்டது. அண்ணன் எங்கே போனார் என்று சொல்ல மணல் வைத்திருந்த அந்த ஒரே வார்த்தையை அழித்தது அவர்தான்.

“செருப்பு?” என்று கேட்டார்.

“வலது காலோடதைக் கழட்டித் தலைக்கு வெச்சிருந்தாரு.”

“இடது?”

“அந்த முடிச்சு அப்படியே இருக்கு” என்றார் பகீத். சொல்லிவிட்டு முகத்தைத் தலைத்துணியால் மூடிக்கொண்டார்.

அந்த முடிச்சை முஸல்லமே அவிழ்த்தார். கத்தியால் அறுக்கலாம் என்று சொன்னவர்களைத் தள்ளிவிட்டு, விரலால், பொறுமையாக, கால் மணி நேரம் உட்கார்ந்து அவிழ்த்தார். அன்று சூரியன் அடையுமுன் அடக்கம் முடிந்தது.

ரெட்டோ வந்தது அதற்கு மறுநாள். அவருடைய கேள்வியைத்தான் முதலிலேயே சொன்னேன்.

பதில் இதுதான் என்று நினைக்கிறேன். முஸல்லம் மறைக்கவில்லை. ‘ஒண்ணுமில்லை, நல்லதுதான்’ என்றால் எங்கள் பேச்சில் ‘கொஞ்சம் இரு, சொல்கிறேன்’ என்று அர்த்தம். மூன்று கோப்பை குடிக்கும் நேரம் கூடவே இருக்கிறவர்களுக்காக உண்டான வார்த்தை அது. பயணக்காரர்களுக்கு அவ்வளவு நேரம் இல்லை. சாப்பாட்டு இடம் வந்ததும் இறங்கிக்கொள்கிறார்கள். தவிர, சந்தோஷப்பட வந்த விருந்தாளியின் மடியில் தன் வீட்டுத் துக்கத்தைப் போட முஸல்லத்துக்கு மனம் வரவில்லை. ரெட்டோ அன்பாகத்தான் பூட்ஸ் கொடுத்தார். முஸல்லம் மரியாதையாகத்தான் அதை முடிந்துவிட்டார். யாரிடம் கோபப்படுவது என்று தெரியாமல் ஸுவைனா ரொம்பநாள் அந்த மரக்கிளையிடம் கோபப்பட்டுக்கொண்டிருந்தார். பிறகு ஒருநாள் அதை வெட்டி அடுப்பில் வைத்துவிட்டார்.

முஸல்லம் இப்போதும் அதே முகாமில்தான் இருக்கிறார். வண்டி ஓட்டுகிறார். மேடு துடைக்க வேறு ஆள் வந்துவிட்டார். ஆனால் முஸல்லம் சொன்ன பிறகுதான் கம்பளம் இறங்கும். விடியுமுன் கையில் விளக்கோடு மேடு முழுக்க நடக்கிறார். புதிதாக ஒரு தடம் கிடந்தால் அதன் பின்னாலேயே போய் ஆளைக் கண்டுபிடித்துவிட்டுத்தான் வருகிறார். பெரும்பாலும் யாராவது விருந்தாளியாக இருக்கும், நட்சத்திரம் பார்க்கப் போனவர். ஒருமுறை ஒரு நரியின் பின்னால் இரண்டு மணி நேரம் போய்விட்டு வந்தார். சில நாள் சூரியன் வந்த பிறகும் மேடு துடைக்கப்படாமல் கிடக்கிறது. விருந்தாளிகள் முகம் சுளிக்கிறார்கள். இமாத் ஒன்றும் சொல்வதில்லை. ஒரே ஒரு தடவை, “அபூ ஸாலிம், எத்தனை நாளைக்கு?” என்று கேட்டார். முஸல்லம் அவர் கால்களைப் பார்த்துக்கொண்டே, “உங்க வலது செருப்பு தேய்ஞ்சுபோச்சு, மாத்துங்க” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

இப்போது அவர் யாரோடு பேசினாலும் முதலில் காலைத்தான் பார்க்கிறார்.

இதை வாசிக்கிறவர்களில் யாராவது ஒருநாள் எங்கள் மணலுக்கு வரலாம். வருகிறவர்களை உங்களுக்குத் தெரிந்திருக்கலாம். அவர்களுக்கு இந்தக் கதையைச் சொல்லுங்கள். விடியற்காலையில் ஒரு மனிதர் கூடாரத்துக்கு வெளியே நின்று அவர்கள் காலைப் பார்த்தால் கோபித்துக்கொள்ள வேண்டாம் என்று சொல்லுங்கள். காலைக் காட்டச் சொல்லுங்கள். வண்டி ஓட்டுகிறவர் பாட்டை நிறுத்திவிட்டு, ‘ஒண்ணுமில்லை, நல்லதுதான்’ என்று சொன்னால் அதோடு விட்டுவிட வேண்டாம். வண்டியை ஓரமாக நிறுத்தச் சொல்லி, அவர் ஊற்றுகிற காப்பியை மூன்று கோப்பை குடித்துவிட்டு, இன்னொருமுறை கேட்கச் சொல்லுங்கள்.